சிரட்டைக்கு வீடு எது?

கிளிநொச்சியில் நான் கற்பிக்கும் முன்பள்ளியில், விளையாட்டு முடிந்ததும் சிரட்டை, பனங்கொட்டை, நிறக்கட்டை யாவும் விறாந்தையிலேயே சிதறிக் கிடக்கும். பாட்டுப் பாடிப் பார்த்தேன். பிள்ளைகள் சேர்ந்து பாடினார்களே தவிர, ஒன்றையும் எடுக்கவில்லை. பொருட்களைப் போடும் ஓலைக் கடகங்களில் அவற்றின் பெயரை எழுதி ஒட்டியதும் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு உதவவில்லை.

2 கிழமைக்குப் பின்னரே காரணம் புரிந்தது. திங்களன்று நிறத்தின்படியும் செவ்வாயன்று வடிவத்தின்படியும் பிரிக்கச் சொல்லியிருந்தேன். 3 வயதில், பழகிய விதியை விட்டு வேறொன்றுக்கு மாறுவது கடினம். ஆகவே பொருளின் வகையை மட்டுமே விதியாக்கி, ஆழமான கடகங்களுக்குப் பதிலாக, கிடப்பது கண்ணுக்குத் தெரியும்படி சுளகுகளைப் பரப்பி, ஒவ்வொன்றிலும் முதற்பொருளை நானே வைத்தேன். வெறும் சுளகை அவர்கள் தொடுவதேயில்லை என்பதை அதுவரை நான் கவனித்திருக்கவில்லை. இப்போது “சிரட்டைக்கு வீடு எது?” என்று கேட்டதும் போட்டி போட்டு ஓடுகிறார்கள், 5 நிமிடத்தில் விறாந்தை துப்புரவாகிவிடுகிறது.