கல்விக் கடன், உதவித்தொகை: விண்ணப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் டூ முடிவு வந்ததும் எந்தக் கல்லூரி, எந்தக் கோர்ஸ் என்றுதான் வீட்டில் பேச்சு ஓடும். பணத்தைப் பற்றிய பேச்சு கவுன்சிலிங் முடிந்து, கட்டணம் கட்டக் கடைசி நாள் நெருங்கும்போதுதான் வரும். அந்த அவசரத்தில் நகையை அடகு வைக்கிறார்கள், கந்து வட்டிக்கும் வாங்குகிறார்கள். அரசு கொடுக்கத் தயாராக இருக்கும் பணத்தைத் தமிழ்நாட்டில் பல குடும்பங்கள் இப்படித்தான் விட்டுவிடுகின்றன.

முதலில், எடுத்த எடுப்பிலேயே கடனுக்குப் போகாதீர்கள். திருப்பிக் கட்ட வேண்டாத பணம் ஏதாவது உண்டா என்று பாருங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து, 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் இடம் கிடைத்தால், கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்கும் எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான) உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேரும் மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப்பெண், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் கல்விக் கட்டணத்தில் முதல் பட்டதாரி சலுகை கிடைக்கும். ஆனால் அது அரசு கவுன்சிலிங் மூலம் சேர்பவர்களுக்குத்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டு அந்தச் சான்றிதழை நீட்டினால் பயனில்லை. ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே என்பதால், அண்ணனோ அக்காவோ வாங்கியிருந்தால் அடுத்த பிள்ளைக்குக் கிடையாது.

அடுத்தது இனிஷியல். நம் ஊரில் பாதித் தகராறு இதில்தான். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் இருக்கும், பாஸ்புக்கில் இனிஷியலே இருக்காது. கம்ப்யூட்டருக்கு இவை மூன்றும் மூன்று ஆட்கள். பிளஸ் டூ படிக்கும்போதே எல்லாவற்றையும் மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி மாற்றிவிடுங்கள். ஆதார் இணைப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். நேரடிப் பணப் பரிமாற்றத்தில் வரும் உதவித்தொகை, விண்ணப்பத்தில் எழுதிய கணக்குக்கு வராமல், ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குப் போய்விடும். பழைய கணக்கு முடங்கிக் கிடந்தால் பணம் திரும்பிவிடும். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே மனு கொடுங்கள். கவுன்சிலிங் நேரத்தில் எல்லோரும் ஒன்றாகப் போய் நிற்பார்கள்.

சரி, இதெல்லாம் போகக் கடன் வேண்டும் என்றால், வங்கிக் கிளைக்குப் போய் வாயால் கேட்டுவிட்டுத் திரும்புவதுதான் பெரிய தவறு. "இந்த பிராஞ்ச்ல கொடுக்கறதில்லைங்க", "உங்க ஏரியா எங்களுக்கு வராது" என்று சொன்னால் பெற்றோர் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். வீடு தங்கள் எல்லைக்குள் இல்லை என்ற காரணத்துக்காகக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. கிளை மேலாளர் தானாக நிராகரிக்கவும் கூடாது, மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும். ஆனால் எழுத்தில் விண்ணப்பமே இல்லாதபோது எதை வைத்துக் கேட்பீர்கள்? கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கும் வித்யாலட்சுமி இணையதளத்தில் பதிவு செய்து, விண்ணப்ப எண்ணோடு வங்கிக்குப் போங்கள். மறுத்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரை சொத்து அடமானமும் வேண்டாம், கையிலிருந்து முன்பணமும் போட வேண்டாம். உள்நாட்டுப் படிப்புக்குப் பரிசீலனைக் கட்டணமும் இல்லை. ஆகவே "ஆள் இருக்கு, கமிஷன் கொடுத்தால் முடித்துத் தருகிறேன்" என்பவரை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

தொகை கேட்கும்போது டியூஷன் கட்டணத்தை மட்டும் எழுதிவிட்டு, விடுதிக்கும் லேப்டாப்புக்கும் வெளியில் வட்டிக்கு வாங்குபவர்கள் நிறையப் பேர். விடுதி, தேர்வுக் கட்டணம், புத்தகம், படிப்புக்கு வேண்டிய கணினி எல்லாம் கடனில் அடங்கும். கல்லூரியிலிருந்து வாங்கும் கட்டண விவரக் கடிதத்தில் நான்கு ஆண்டுச் செலவும் தலைப்பு வாரியாக இருக்கட்டும்.

அப்புறம் வட்டி. படிக்கும் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்றவுடன் வட்டியும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆண்டுக்கு 1 லட்சமாக நான்கு ஆண்டுகளில் 4 லட்சம் வாங்கி, வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு, அடுத்ததற்கு நான்கு, பிறகு மூன்று, இரண்டு. தனிவட்டிக் கணக்கிலேயே 1,40,000 ரூபாய் சேர்ந்து, அசலோடு கூடிவிடும். மாதம் 500 ரூபாயாவது படிக்கும்போதே கட்ட முடிந்தால் கட்டுங்கள்.

பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, தொழில்முறை அல்லது தொழில்நுட்பப் படிப்பாக இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அடுத்த ஓராண்டுக்குமான வட்டி முழுவதையும் மத்திய அரசு ஏற்கும் மானியத் திட்டம் இருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், அத்திட்டத்தின் பட்டியலில் உள்ள கல்லூரிகளில் தகுதி அடிப்படையில் சேர்ந்தவர்களுக்கு, குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருந்தால், 10 லட்சம் வரையான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. ஆனால் கடன் வாங்கிவிட்டோம், மானியம் தானாக வரும் என்று இருக்காதீர்கள். வருமானச் சான்றிதழைக் கொடுத்து, உங்கள் கணக்கு மானியப் பட்டியலில் ஏறியதா என்று கிளையில் கேட்டு உறுதி செய்ய வேண்டும். ஏறாவிட்டால், வட்டி உங்கள் தலையில் ஏறிக்கொண்டே இருக்கும். படிப்பு முடிந்து முதல் தவணை வரும்போதுதான் அது தெரியவரும். படிப்பைப் பாதியில் விட்டால் இந்த மானியம் போய்விடும். உடல்நலக் காரணமாக நிறுத்த நேர்ந்தால் விலக்கு உண்டு, எனவே மருத்துவச் சான்றுகளோடு உடனே வங்கிக்கு எழுதிக் கொடுங்கள்.