ஞாயிறு பள்ளியில் வாலிபர்களை ஊழியத்துக்கு வளர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் ஞாயிறு பள்ளி நடத்துகிறவர்களுக்கு ஒரு கணக்கு நன்றாகத் தெரியும். பிள்ளை 13 வயதில் இடைநிலைப்பள்ளிக்குப் போகிறது. 17-இல் இடைநிலைப்பள்ளியின் இறுதித் தேர்வான எஸ்.பி.எம். அப்புறம் ஈப்போ, கோலாலம்பூர், பினாங்கு, சிங்கப்பூர் என்று கிளம்பிவிடுகிறது. சிறுவர் ஊழியத்தில் ஒரு வாலிபரைப் பழக்கி எடுக்க நமக்குக் கிடைப்பது இந்த நாலைந்து வருடம்தான்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆர்வமே இல்லை" என்று பல சபைகளில் சொல்லிக் கேட்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆர்வத்தோடுதான் வருகிறார்கள். வந்தவர்களிடம் நாம் என்ன வேலை கொடுக்கிறோம் என்பதில்தான் கோளாறு.

நாற்காலி அடுக்கு, மைலோ கலக்கு, பிஸ்கட் கொடு, சின்னப் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள். இவையெல்லாம் தேவையான வேலைகளே. ஆனால் இடைநிலைப்பள்ளியின் முதல் மூன்று வருடம், படிவம் ஒன்றிலிருந்து படிவம் மூன்று வரை, இதை மட்டுமே செய்த பையன் நான்காவது வருடம் ஏன் வர வேண்டும்? அவனிடம் ஆட்களை ஒப்படையுங்கள். "இந்த ஆறு பிள்ளைகள் உன் பொறுப்பு. யார் வரவில்லை என்று பார். வீட்டில் என்ன விஷயம் என்று விசாரி. மூன்றாவது வாரத்துக் கதை நீதான் சொல்கிறாய்." இப்படிச் சொல்லிப் பாருங்கள், அவன் நடையே மாறும்.

பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் பாதியில் பிடுங்கிக்கொள்வது இன்னும் மோசமான தவறு. பல சபைகளில் நடப்பதுதான் இது. படிவம் மூன்று படிக்கும் ஒரு பெண்பிள்ளை பாயில் உட்கார்ந்த சிறுவர்களுக்கு தாவீது கோலியாத் கதை சொல்கிறாள். கை காலெல்லாம் நடித்துக் காட்டுகிறாள். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கிறார்கள். ஆற்றிலிருந்து மூன்று கல் எடுத்தான் என்று சொல்லிவிடுகிறாள். பின்னாலிருந்து மூத்த ஆசிரியை, "மூன்று இல்லைம்மா, ஐந்து கல்!" என்கிறார். எல்லாத் தலையும் பின்னால் திரும்புகிறது. அவள் "ஆமா, ஐந்து" என்கிறாள். அதன் பிறகு புத்தகத்தைப் பார்த்து வாசிக்கத் தொடங்கிவிடுகிறாள்.

ஐந்து கல் என்பதுதான் சரி; 1 சாமுவேல் 17-இல் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் வகுப்பு முடிந்து, தனியாகக் கூப்பிட்டு, "கோலியாத் விழுந்த இடத்தை ரொம்ப நன்றாகச் சொன்னாய், கல் மட்டும் ஐந்து, அடுத்த வாரம் நீயே பிள்ளைகளிடம் சொல்லிவிடு" என்று சொல்லியிருக்கலாம். பிள்ளைகள் முன்னால் திருத்துவதால் கதை சரியாகலாம். அந்தப் பெண் மறுபடி கதை சொல்ல எழுந்து வருவாளா என்பதுதான் கேள்வி.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: சனிக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப்பில் பாடத்தை அனுப்பி, "நாளைக்கு நீ பார்த்துக்கொள்" என்று விட்டுவிடுவது. முதலில் சில வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். அப்புறம் பாட்டு, அப்புறம் கதை, பிறகு முழு வகுப்பு. பாடம் இரண்டு வாரத்துக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். முழு வகுப்பு அவர்கள் எடுக்கும்போதும் ஒரு பெரியவர் அறையில் இருக்கட்டும், வாய் திறக்காமல்.

தமிழையும் யோசியுங்கள். தமிழ்ப்பள்ளி ஆறு வருடத்தோடு முடிந்துவிடுகிறது. இடைநிலைப்பள்ளியில் தமிழ் எடுக்காத பிள்ளைக்கு வேதாகமத்தின் பழைய நடை தடுமாற்றம் தரும். சபையார் முன் வாசிக்கச் சொல்லி வெட்கப்படுத்தாதீர்கள். அவர்கள் வீட்டில் பேசுகிற தமிழிலேயே கதை சொல்லட்டும். கேட்கிற பிள்ளைகளும் அதே தமிழ்தான் பேசுகிறார்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் சபைகள் காட்டும் அலட்சியம் எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. சிறார் சட்டம் 2001-இன்படி 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எவரும் சிறார். அப்படியென்றால் 15 வயது உதவியாளரும் சிறார்தான். அவரை நம்பி ஒரு அறையையே ஒப்படைத்துவிட்டுப் பெரியவர்கள் எல்லோரும் ஆராதனைக்குப் போகக் கூடாது. ஒரு பிள்ளை தன் உடம்பில் இருக்கும் காயத்தைப் பற்றியோ, யாரோ தப்பாகத் தொட்டதைப் பற்றியோ அந்த அண்ணனிடமோ அக்காவிடமோ சொன்னால், அந்தச் சுமையை அவர்கள் தனியாகச் சுமக்கக் கூடாது. உடனே யாரிடம் சொல்ல வேண்டும் என்று முதல் நாளே சொல்லிக் கொடுங்கள். கேள்விப்பட்ட பெரியவர் சபைக்குள்ளேயே பேசித் தீர்க்கப் பார்க்கக் கூடாது. சிறார்மீதான பாலியல் குற்றம் தெரிந்தும் போலீசில் சொல்லாமல் இருப்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அரசாங்கத்தின் 15999 உதவி எண்ணை வகுப்பறைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

இன்னொன்று. தோட்டத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் இந்துக் குடும்பத்துப் பிள்ளைகள். விடுமுறை வேதாகமப் பள்ளி என்றதும் வாலிபர்கள் உற்சாகத்தில் எல்லாரையும் மோட்டாரில் ஏற்றி வந்துவிடுவார்கள். முதலில் அந்த அப்பா அம்மாவிடம் போய், என்ன நடக்கப்போகிறது என்று மறைக்காமல் சொல்லிச் சம்மதம் கேட்கப் பழக்குங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் மதத்தைப் பெற்றோர் அல்லது பாதுகாவலரே முடிவு செய்ய வேண்டும் என்று நம் கூட்டரசு அரசியலமைப்பின் 12(4) பிரிவு சொல்கிறது. சட்டத்தை விடுங்கள்; நாளைக்கும் அதே லயத்து வரிசை வீடுகளில்தானே முகம் பார்த்து வாழ வேண்டும்.

மூத்தவர்கள் இடம் விடாததையும் சொல்லியாக வேண்டும். எண்ணாகமம் 8-இல் லேவியர்கள் 25 வயதில் ஆசரிப்புக் கூடாரப் பணிக்கு வருகிறார்கள், 50 வயதில் அந்த வேலையை விட்டுவிட்டுத் தங்கள் சகோதரருக்கு உதவியாக நிற்கிறார்கள். ஓய்வு பெற்றவர்கள் கூடாரத்தை விட்டே போய்விடவில்லை என்பதை நம் அண்ணன்மாரும் அக்காமாரும் கவனிக்க வேண்டும்.

ஒரு தடவை சொதப்பியவரை ஒதுக்கிவிடாதீர்கள். மாற்கு என்னும் யோவான், பவுலோடும் பர்னபாவோடும் போன ஊழியப் பயணத்தைப் பம்பிலியாவில் பாதி வழியில் விட்டுவிட்டுத் திரும்பியவன். அடுத்த பயணத்துக்குப் பவுல் அவனை மறுத்தபோதும் பர்னபா அவனைக் கூட்டிப்போனான். பிற்காலத்தில் அதே பவுல், மாற்கு ஊழியத்தில் தனக்குப் பிரயோஜனமானவன் என்று எழுதுகிறார். உங்கள் சபையில் பர்னபா யார் என்று பாருங்கள். எஸ்.பி.எம். வருடத்தில் வரமுடியாதவரும் ஓடிப்போனவர் அல்ல; மாதத்துக்கு ஒரு வாரம் வந்தால் போதும் என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள்.

"எப்படியும் பட்டணத்துக்குப் போய்விடப் போகிறார்கள், பழக்கி என்ன பயன்?" என்று கேட்பவர்களும் உண்டு. போகத்தான் போகிறார்கள். கிள்ளானிலும் ஜொகூர் பாருவிலும் தமிழ்ச் சபைகள் இருக்கின்றன. அங்கேயும் பாயில் உட்கார்ந்து கதை கேட்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பிள்ளை பஸ் ஏறுவதற்கு முன்னால் எந்த ஊர், எந்தச் சபை என்று கேட்டு, அங்குள்ள போதகருக்கு நீங்களே போன் செய்து, "இந்தத் தங்கச்சி இரண்டு வருடம் எங்கள் சிறுவர் வகுப்பை எடுத்தவள், அங்கேயும் ஒரு வகுப்பு கொடுங்கள்" என்று சொல்லி வையுங்கள்.