வேலையில் அடிபட்டால்: தென்னாப்பிரிக்காவில் நஷ்டஈடு வாங்கும் வழி

டர்பனில் ஜேக்கப்ஸ், மொபேனி பக்கத்து ஃபேக்டரியிலோ துறைமுகத்திலோ அடிபட்டு கிளினிக்குக்குப் போனால், கவுன்டரில் முதலில் சொல்ல வேண்டியது "ஐ.ஓ.டி. கேஸ்" என்பதுதான். "இஞ்சுரி ஆன் டியூட்டி" என்பதன் சுருக்கம், வேலையில் பட்ட காயத்துக்கு இங்கே ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்லும் பெயர் அது. அதைச் சொல்லாமல் மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) கார்டை நீட்டினால், சொந்த உடம்புக்கு வந்த நோய் மாதிரியே ஃபைல் போடுவார்கள். பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. "வீட்டில் விழுந்தேன் என்று சொல், செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று மேனேஜர் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் கேட்காதீர்கள். அந்தச் செலவை அவர் எத்தனை மாதம் பார்ப்பார்?

இதற்கான சட்டம் 1993ஆம் ஆண்டின் 130ஆம் எண் சட்டம். கோய்டா என்பார்கள். முதலாளிகள் வருஷாவருஷம் காம்பன்சேஷன் ஃபண்ட் என்ற அரசு நிதிக்குக் கட்டும் பணத்திலிருந்துதான் நஷ்டஈடு வருகிறது. இதற்காக உங்கள் சம்பளத்தில் ஒரு சென்ட்கூடப் பிடிக்கக் கூடாது. ஃபண்டுக்குப் பதிலாக, கட்டுமான வேலைக்காரர்களின் கிளெய்மை எஃப்.ஈ.எம். என்ற காப்பீட்டு நிறுவனம் பார்க்கும். சுரங்கம், இரும்பு, உலோக வேலை என்றால் ராண்ட் மியூச்சுவல் என்ற இன்னொரு நிறுவனம். உங்களுடையது எது என்று முதலாளியிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தப்பான இடத்துக்குப் போன பேப்பர் அங்கேயே கிடக்கும்.

யார் மேல் தப்பு என்ற கேள்வி இதில் இல்லை. நீங்கள் கவனக்குறைவாக இருந்திருந்தாலும் கிடைக்கும். வேண்டுமென்றே விதியை மீறியிருந்தால் மட்டும் மறுக்கலாம். அப்போதுகூட கடுமையான ஊனம் ஏற்பட்டிருந்தால் கொடுத்தாக வேண்டும். இதற்குப் பதிலாக முதலாளி மேல் தனியாகக் கேஸ் போடும் உரிமை உங்களுக்கு இல்லை. மெஷின் மூடியைக் கழற்றி வைத்து ஓட்டச் சொன்னது போன்ற அலட்சியம் அவர் பக்கம் இருந்தால், விபத்து நடந்து 24 மாதத்துக்குள் கூடுதல் நஷ்டஈடு கேட்கலாம்.

தற்காலிக ஆள், லேபர் புரோக்கர் அனுப்பிய ஆள், தோட்ட வேலைக்காரர் எல்லாருக்கும் இது உண்டு. வீட்டு வேலை செய்கிறவர்களை 2020 நவம்பர் 19 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் சேர்த்தது. அந்தத் தீர்ப்பு 1994 ஏப்ரல் 27 வரை பின்னோக்கிச் செல்லும். கோயில் திருப்பணிக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த சிற்பியும் மடைப்பள்ளிச் சமையல்காரரும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள் என்றால் அவர்களும் இதில் அடக்கம், ஐ.டி. எண்ணுக்குப் பதில் பாஸ்போர்ட் எண் போடலாம். முதலாளி ஃபண்டில் பதிவே செய்யவில்லையா? அது அவர் ஃபண்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய விஷயம், உங்கள் உரிமை போகாது.

வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் டாக்ஸியில் நடக்கும் விபத்து இதில் வராது. அதற்கு ரோடு ஆக்சிடென்ட் ஃபண்ட் என்ற சாலை விபத்து நிதி இருக்கிறது. தொழிலாளர்களை ஏற்றிச் செல்வதற்கென்றே முதலாளி விட்ட வண்டி, ஓட்டியதும் அவரோ அவருடைய ஆளோ என்றால் மட்டும் கோய்டாவில் கேட்கலாம்.

முதல் வாரத்தில்தான் பாதி கேஸ் முடிவாகிறது. விபத்தை உடனே ஃபோர்மனிடம் சொல்லுங்கள். வாயால் சொன்னாலும் சட்டப்படி செல்லும், ஆனால் ஒரு வாட்ஸ்அப் செய்தியும் சேர்த்துப் போடுங்கள்: தேதி, நேரம், எந்த மெஷின், எந்தக் கை, பார்த்தவர் யார். தகவல் வந்த 7 நாளுக்குள் முதலாளி டபிள்யூ.சி.எல். 2 படிவத்தை அனுப்ப வேண்டும். டாக்டர் எழுதுவது டபிள்யூ.சி.எல். 4. இரண்டுக்கும் நகல் கேளுங்கள். இரண்டிலும் தேதியும் காயமும் ஒத்துப்போகாவிட்டால் கிளெய்ம் அங்கேயே நின்றுவிடும். முதலாளி இழுத்தடித்தால் டபிள்யூ.சி.எல். 3 படிவத்தை நீங்களே நிரப்பி லேபர் சென்டரில் (தொழிலாளர் துறை அலுவலகம்) கொடுத்து, முத்திரையோடு ரசீது வாங்குங்கள். விபத்து நடந்து 12 மாதத்தைத் தாண்டவே விடாதீர்கள்.

இனி பணம். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு மாதச் சம்பளத்தில் 75 சதவீதம், ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு. முதல் 3 மாதம் முதலாளியே கொடுத்துவிட்டு ஃபண்டிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். "ஃபண்ட் அனுப்பட்டும், அப்புறம் தருகிறேன்" என்பது சரியல்ல. 3 நாளோ அதற்குக் குறைவோ என்றால் இந்தப் பணம் கிடையாது, சிக் லீவ் எடுக்கலாம். நஷ்டஈடு வரும் நாட்களுக்குச் சிக் லீவைக் கழிக்கக் கூடாது, பேஸ்லிப்பில் பாருங்கள். வைத்தியச் செலவு விபத்திலிருந்து 2 வருஷம் வரை.

நிரந்தர ஊனத்துக்குச் சட்டத்திலேயே அட்டவணை இருக்கிறது. கட்டைவிரல் முழுதும் போனால் 25 சதவீத ஊனம். சுட்டுவிரல் முழுதும் 10, நுனிக்கணு மட்டும் 5. ஒரு கண் 30. 30 சதவீதத்துக்கு 15 மாதச் சம்பளம் மொத்தமாக. அதற்குக் கீழே அதே விகிதத்தில் குறையும். அதற்கு மேலே மாதாமாதம் பென்ஷன். மாதம் 9,000 ராண்ட் வாங்கும் தையல் மெஷின்காரருக்குச் சுட்டுவிரல் முழுதும் போனால் 15இல் மூன்றில் ஒரு பங்கு, 5 மாதச் சம்பளம்: 45,000 ராண்ட். நுனிக்கணு மட்டும் என்றால் 22,500. அதனால்தான் ரிப்போர்ட்டில் "விரலில் காயம்" என்று மட்டும் இருக்கக் கூடாது. எந்தக் கை, எந்த விரல், எந்தக் கணு வரை என்று டாக்டரை எழுதச் சொல்லுங்கள். வாராவாரம் தவறாமல் வரும் ஓவர்டைமும், முதலாளி தரும் சாப்பாடு, தங்குமிடத்தின் மதிப்பும் மாதச் சம்பளத்தில் சேரும். விட்டுவிட்டால் எல்லாத் தொகையும் குறையும். பழைய பேஸ்லிப்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

நிறைய பேர் இந்தப் பணத்தைக் கோட்டை விடுவது கடைசிப் படிவத்தில். காயம் ஆறி, இதற்கு மேல் தேறாது என்ற நிலை வந்ததும் டாக்டர் டபிள்யூ.சி.எல். 5இல் இறுதி ரிப்போர்ட் எழுத வேண்டும். அது போகாமல் ஊனச் சதவீதத்தைக் கணக்கிட மாட்டார்கள். வேலைக்குத் திரும்பிவிட்டோமே என்று விட்டுவிடாதீர்கள்.

ஆள் இறந்துவிட்டால் மனைவிக்கு அல்லது கணவருக்கு, முழு ஊனத்துக்குரிய பென்ஷனில் 40 சதவீதம். பிள்ளைக்குத் தலா 20. எல்லாம் சேர்ந்து அந்த முழுத் தொகையைத் தாண்டாது. ஈமச் செலவுக்குத் தனித் தொகை. கல்யாணச் சான்றிதழும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் அப்போது கையில் இருக்க வேண்டும்.

கிளெய்மை மறுத்தாலோ சதவீதம் குறைவென்று பட்டாலோ, முடிவு வந்த 180 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தரலாம். வேறொரு டாக்டரின் ரிப்போர்ட்டை இணைத்தால் வலு கூடும். காயத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கினால் வழி வேறு: 30 நாளுக்குள் வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் சி.சி.எம்.ஏ. அமைப்புக்குப் போக வேண்டும். நஷ்டஈட்டு முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் அந்த 30 நாள் போய்விடும்.