ஆளுக்கு இருபது தோட்டா, அரைக் கிலோ மிளகாய்: ஒரு ஞாயிற்றுக்கிழமை .22 போட்டி நடத்தும் விதம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோப்பில் பனைமரத்தில் டப்பாவைக் கட்டிச் சுடுவதற்கு என்னிடம் யோசனை கேட்காதீர்கள். .22 ரைஃபிள் (0.22 அங்குலக் குழல்), 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டிய துப்பாக்கி. குண்டு பட்டாணி அளவுதான். குறி தப்பினால் ஒரு கிலோமீட்டரையும் தாண்டிப் போய் விழும். அதனால் துப்பாக்கி கிளப்பின் ரேஞ்சில், மண்மேட்டுக்கு முன்னால் மட்டும்தான் போட்டி.

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிப் பக்கம் குடிவந்த பிறகு, மாதம் ஒரு ஞாயிறு எட்டுப் பத்துப் பேரைச் சேர்த்து நான் நடத்துவது இது. ஐஸ் ஃபேக்டரிக்காரர் ஒருவர், ஒரு பி.டி. வாத்தியார், என்.சி.சி.யில் சுட்டுப் பழகிய கல்லூரிப் பெண் ஒருத்தி, அப்புறம் அன்றைக்குத்தான் முதன்முதலாக ரைஃபிளைத் தொடுகிற யாராவது ஒருவர். இத்தனை பேரையும் ஒரே வரிசையில் படுக்க வைத்துப் போட்டி நடத்தினால் யார் ஜெயிப்பார் என்று எல்லோருக்கும் முன்பே தெரியும். புதிதாக வந்தவர் அடுத்த மாதம் வரமாட்டார். எங்கள் முதல் இரண்டு போட்டியிலும் அதுதான் நடந்தது.

அதற்கு நாங்கள் கண்ட வழி, அவரவர் சராசரியோடு மோதுவது. ஆளுக்கு 5 தோட்டா பழக, 20 தோட்டா கணக்குக்கு. மொத்தம் 200 புள்ளி. கடைசி ஐந்து போட்டியில் நன்றாக வந்த மூன்றை எடுத்துச் சராசரி போடுங்கள். அன்றைய புள்ளியில் அதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் வெற்றிக் கணக்கு. 188 சராசரி உள்ள வாத்தியார் 190 எடுத்தால் கூடுதல் 2. 131 சராசரி உள்ள பெண் 144 எடுத்தால் கூடுதல் 13, பரிசு அவளுக்கு. ஐந்தையும் சேர்த்துச் சராசரி போடாதீர்கள். வேண்டுமென்றே ஒரு மாதம் மோசமாகச் சுட்டுச் சராசரியை இறக்குகிற புத்திசாலி எல்லா ஊரிலும் உண்டு. பரிசு, அரைக் கிலோ குண்டு மிளகாய். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ராமநாதபுரம் சரக்கு. கோப்பை கொடுத்தால் வீட்டில் தூசி துடைக்க ஆள் வேண்டும்.

புதியவர்கள் 25 மீட்டரில் மணல்மூட்டை மேல் வைத்துச் சுடட்டும். பழகியவர்கள் 50 மீட்டரில், குப்புறப் படுத்து, தோளில் வார் மாட்டி. இலக்கு அட்டை இருவருக்கும் ஒன்றே. மூட்டைக்குப் பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தைத்தால் போதும். ஆனால் கடற்கரை மணலை மட்டும் அள்ளிப் போடாதீர்கள். உப்பு ஈரத்தை இழுக்கும். நான் போட்டேன். இரண்டே வாரத்தில் மூட்டையில் உட்காருகிற இடத்தில் குழலடியில் செம்பழுப்பாகத் துரு. இந்தக் கரையில் சுட்டு முடித்த அன்றே துடைத்து எண்ணெய் போடாத ரைஃபிள் உங்களுடையதல்ல, உப்புக்காற்றுடையது.

காற்றுதான் இங்கே பாதிப் போட்டி. 50 மீட்டர் அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. மணிக்குப் பதினைந்து கி.மீ. காற்று குறுக்கே அடித்தால் குண்டு ஏறக்குறைய ஓர் அங்குலம் தள்ளிப் போகும், பத்து ஏழாகிவிடும். பழைய பாம்பன் பாலத்தில் காற்று 58 கி.மீ.யைத் தாண்டினால் அந்தக் காலத்தில் ரயிலை நிறுத்திவிடுவது வழக்கம். எங்களைக் கெடுக்க அதில் கால்வாசி போதும். வேகமான தோட்டா வாங்கினால் காற்று ஒன்றும் செய்யாது என்று நினைப்பவர்கள் உண்டு. .22இல் அது தலைகீழ்: ஒலியின் வேகத்தைத் தாண்டிக் கிளம்பும் குண்டு வழியில் சட்டென்று வேகம் இழப்பதால் இன்னும் அதிகமாகவே விலகும். மெதுவான, சாதாரண வேகத் தோட்டாவே போதும்.

25 மீட்டரில் ஒரு குச்சி நட்டு, கிழிந்த வலையிலிருந்து எடுத்த நூலை ஒரு முழம் கட்டித் தொங்கவிடுங்கள். ஆடியில் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும்போது அது படுக்கையாக நிற்கும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். கச்சான் மூச்சு வாங்குவதுபோல ஒரு கணம் தளரும், நூல் பாதிக்கு இறங்கும். ஒவ்வொரு குண்டையும் அந்தப் பாதியில் விடுங்கள். ஐஸ் ஃபேக்டரிக்காரர் இதில் கெட்டிக்காரர். விசையில் விரலை வைத்துக்கொண்டு, நூல் இறங்கவில்லை என்றால் துப்பாக்கியை இறக்கிவிட்டு மூச்சு விட்டுக்கொள்வார். 20 தோட்டாவுக்கு 30 நிமிடம் கொடுப்பது இதற்காகத்தான்.

வரிசையில் குரல் ஒருவருடையதாகவே இருக்க வேண்டும். ‘லோட்’, ‘ஸ்டார்ட்’, ‘ஸ்டாப்’, ‘அன்லோட்’ என்று அவர் சொல்வார், மற்றவர்கள் செய்வார்கள். சுடாத ரைஃபிளின் போல்ட் திறந்திருக்க வேண்டும்; தோட்டா அறைக்குள் தடித்த தங்கூசி (நைலான் தூண்டில் நரம்பு) துண்டு ஒன்று வெளியே தெரியும்படி செருகியிருக்க வேண்டும். அட்டை மாற்ற யாராவது முன்னால் போனால் ரைஃபிளை யாரும் தொடக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள், மாமனாராக இருந்தாலும் சரி.

.22 தோட்டா ரிம்ஃபயர் வகை. ரிம்ஃபயர் என்றால் பற்றவைக்கும் மருந்து தோட்டாவின் அடிவிளிம்புக்குள் இருக்கிறது என்று அர்த்தம். அது விளிம்பு முழுக்கச் சமமாகப் பரவாமல் போனால் அடிக்கும் ஊசி இடித்தும் வெடிக்காமல் போகலாம். அப்படியானால் குழலை மேட்டை நோக்கி வைத்தபடியே 30 விநாடி காத்திருந்து, பிறகு வெளியே எடுங்கள்.

புள்ளி எண்ணும்போதுதான் சண்டை வரும். ஓர் அட்டைக்கு ஐந்து குண்டுக்கு மேல் வேண்டாம். துளை மேல் துளை விழுந்தால் எண்ண முடியாது. துளை கோட்டைத் தொட்டால் மேல் புள்ளி. சந்தேகமென்றால் 5.6 மி.மீ. அளவுக்குச்சி போட்டுப் பார்க்கட்டும், சுட்டவர் கை வைக்காமல். அடுத்தவர் அட்டையில் சுட்டுவிட்டால் சுட்டவருக்கு அந்தக் குண்டு பூஜ்ஜியம்.

போன மாதம் வாத்தியார் அட்டையில் ஆறு துளை, என் அட்டையில் நான்கு. “அண்ணே, எனக்கு ஒண்ணு இனாமா?” என்றார் வாத்தியார். வரிசையில் குரல் கொடுத்தவன் நான். விதி எழுதியவனும் நான். பூஜ்ஜியம் போட்டுக்கொண்டேன்.