பூனை தானாக வந்தால்தான் ஒட்டும்: புதுப் பூனையோடு பழகும் வழி

புதிதாக வந்த பூனை இரண்டு நாளாகக் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறதா? கிடக்கட்டும், விடுங்கள். இழுத்து மடியில் போட்டுக் கொஞ்சினால் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்துத்தான் பலர் காரியத்தைக் கெடுக்கிறார்கள். சாப்பிடுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். ஒரு நாளுக்கு மேல் எதுவுமே தின்னவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

முதல் சில நாட்களுக்கு ஓர் அறை போதும். சாப்பாடு, தண்ணீர், அவற்றுக்குத் தள்ளி, மலஜலம் கழிக்க மண் நிரப்பிய தட்டு, அப்புறம் ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி. பெட்டிதானே என்று நினைக்காதீர்கள். நெதர்லாந்தில் ஒரு காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். பெட்டி கிடைத்தவை சீக்கிரமே பதற்றம் தணிந்தன என்று 2014-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

அந்த அறையில் போய்ச் சும்மா தரையில் உட்காருங்கள். நின்றால் அதன் கண்ணுக்கு நாம் மலை மாதிரி. ஏதாவது படியுங்கள், பூனையை உற்றுப் பார்க்க வேண்டாம், அதற்கு அது மிரட்டல். தற்செயலாகக் கண்ணும் கண்ணும் சந்தித்தால், தூக்கம் வருவது போல இமைகளை மெதுவாக இறக்கி, ஒரு நொடி மூடித் திறங்கள். கேட்கக் கிறுக்குத்தனமாக இருக்கும், ஆனால் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படிச் செய்தவர்களுக்குப் பூனைகளும் கண்ணைச் சுருக்கிப் பதில் சொல்லின, முன்பின் தெரியாதவர் செய்தால்கூட அவர் நீட்டிய கையை நோக்கி வருவது கூடியது.

கை நீட்டுவதிலும் பக்குவம் உண்டு. விரல்களைத் தளர மடக்கி, அதன் மூக்கு உயரத்தில், ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டு அசையாமல் இருங்கள். முகர்ந்து பார்த்துத் திரும்பிவிட்டால் இன்றைக்கு அவ்வளவுதான். கன்னத்தைத் தேய்த்தால் சரி, அனுமதி கிடைத்துவிட்டது: கன்னத்திலும் தாடையிலும் உள்ள சுரப்பிகளால் தன் வாசனையை உங்கள் மேல் பூசுகிறது. அந்த இடங்களையே மூன்று நான்கு முறை தடவிவிட்டு நிறுத்துங்கள். மறுபடி தலையால் முட்டினால் தொடரலாம். வால் சுளீரென அடிக்கிறது, முதுகுத் தோல் துடிக்கிறது, காது பின்னால் சாய்கிறது என்றால் கையை எடுத்துவிடுங்கள். மல்லாந்து வயிற்றைக் காட்டினாலும் தொடாதீர்கள், பெரும்பாலும் அது அழைப்பே இல்லை.

சாப்பாடு தினமும் அதே நேரத்தில், அதே ஆள் கையால். பேர் வைத்தாயிற்றா? சாப்பாட்டுக்கும் விளையாட்டுக்கும் மட்டும் அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள், நகம் வெட்டப் பிடிக்கும்போது வேண்டாம். பூனைக்குத் தன் பேர் தெரியும். 2019-ல் ஜப்பானில் சோதித்தே பார்த்துவிட்டார்கள்.

குட்டியாக, அதாவது சுமார் 2 முதல் 7 வாரத்துக்குள், மனிதக் கை பட்டு வளராத பூனைக்கு மாதக்கணக்கில் ஆகலாம், சிலது மடிக்கு வரவே வராது. பக்கத்து வீட்டுப் பூனையோடு ஒப்பிட்டுப் புலம்பாதீர்கள்.

கடைசியாக, மருத்துவரிடம் தூக்கிப் போகும் கூடை. அதை அந்த நாளில் மட்டும் வெளியே எடுத்தால் பார்த்தவுடனே ஓடும், பழகிய பழக்கமும் வீண். எப்போதும் அறையிலேயே திறந்து வைத்து, பழைய துணி விரித்து, அவ்வப்போது உள்ளே ஏதாவது தின்னப் போட்டு வையுங்கள்.