மெஷின் கன் சுடும் வேகம்: ராணுவ சிமுலேஷன் கேம்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராணுவ சிமுலேஷன் கேமுக்கு மாட் (கேமில் ரசிகர்களே செய்து சேர்க்கும் மாற்றம்) செய்பவர்கள் மெஷின் கன்னைத் தொட்டதும் முதலில் தேடுவது ஒரே ஓர் எண்ணைத்தான்: நிமிடத்துக்கு எத்தனை ரவுண்டு (குண்டு)? ஜெர்மனியின் எம்ஜி 42 என்றால் 1,200, பிரிட்டனின் பிரென் என்றால் 500. அட்டவணையைப் பார்த்து கான்ஃபிக்கில் (கேமின் அமைப்புக் கோப்பில்) போட்டதும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். போட்ட எண்ணை வைத்துக்கொண்டு கேம் என்ன செய்கிறது என்று திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு. பெரிய தவறுகள் பாதிக்கு மேல் அங்கேதான் நடக்கின்றன.

நிமிடத்துக்கு 800 ரவுண்டு என்றால் ஒரு குண்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவே 75 மில்லிசெகண்ட். கேம் விநாடிக்கு 60 ஃபிரேமில் (திரையில் மாறும் படங்கள்) ஓடினால் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெகண்ட். ஒவ்வொரு ஃபிரேமிலும் "75 ஆகிவிட்டதா?" என்று கேமின் நிரல் கேட்கிறது. நாலாவது ஃபிரேமில் 66.7தான் ஆகியிருக்கும், ஐந்தாவதில் 83.3. அப்போதுதான் குண்டு போகும். அடுத்த 75-ஐ அங்கிருந்து புதிதாக எண்ண ஆரம்பித்தால், நீங்கள் கேட்ட 800 உண்மையில் 720 ஆகிவிடுகிறது. 750 போட்டாலும் 720, 850 போட்டாலும் 720! மூன்று வெவ்வேறு துப்பாக்கிகளை மெனக்கெட்டுச் செய்து, மூன்றையும் ஒரே மாதிரி சுட வைத்திருப்போம். 30 ஃபிரேமில் ஓடும் கம்ப்யூட்டரில் எம்ஜி 42-இன் 1,200 இதே கணக்கில் 900 ஆகச் சரியும். மெதுவான கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்குத் துப்பாக்கியும் மெதுவாகச் சுடுவது எந்த விதத்திலும் நியாயமில்லை.

இதற்கு வழி எளிது. அடுத்த குண்டின் நேரத்தை "இப்போது + 75" என்று கணக்கிடக் கூடாது. "போன குண்டு போயிருக்க வேண்டிய நேரம் + 75" என்று வைக்க வேண்டும். மீந்த 8.3 மில்லிசெகண்ட் அடுத்த சுற்றில் கழிந்துவிடும். 5 ஃபிரேம், 4 ஃபிரேம், 5, 4 என்று மாறி மாறிப் போய் சராசரி 75-இல் நிற்கும். இதில் ஒரு கவனம் தேவை: டிரிகரை விட்டுவிட்டு மறுபடி அழுத்தும்போது அந்தக் கணக்கை அப்போதைய நேரத்துக்குக் கொண்டுவர வேண்டும். மறந்தால், சும்மா இருந்த நேரத்துக்கெல்லாம் சேர்த்து குண்டுகள் மொத்தமாகக் கொட்டும்.

பல குழல்கள் சுழன்று சுடும் எம் 134 மினிகன் போன்றவற்றுக்கு இதுவும் போதாது. 6,000 ரவுண்டு வேகத்தில் இடைவெளி 10 மில்லிசெகண்ட். அது ஒரு ஃபிரேமை விடக் குறைவு. ஃபிரேமுக்கு ஒரு குண்டு என்று வைத்தால் 60 ஃபிரேமில் 3,600-ஐத் தாண்டவே முடியாது. ஆகவே சில ஃபிரேம்களில் இரண்டு குண்டுகளை விட வேண்டும். அப்படி விடும்போது முன்னால் போக வேண்டியதை அதற்குரிய தூரம் தள்ளி வைக்க வேண்டும். விநாடிக்கு 850 மீட்டர் போகும் குண்டு 10 மில்லிசெகண்டில் எட்டரை மீட்டர் கடந்துவிடும். இதை விட்டுவிட்டால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகவே பறக்கும்.

தசமத்திலும் கோட்டை விடுகிறார்கள். ஆர்மா போன்ற கேம்களில் இந்த இடைவெளியை விநாடியில் எழுத வேண்டும். 0.05 என்றால் 1,200, 0.06 என்றால் 1,000. நடுவில் 200 ரவுண்டு வித்தியாசம்! 60-ஐ வேகத்தால் வகுத்து நாலு தசமம் வரை எழுதுங்கள்.

சரி, அட்டவணையில் இருந்து எடுத்த எண்ணாவது சரியானதா? எம் 2 பிரவுனிங் என்று தேடினால் 450 முதல் 600 வரை என்றும் வரும், 750 முதல் 850 வரை என்றும் வரும். முதலாவது தரையில் பயன்படும் கனமான குழல் கொண்டது. இரண்டாவது இரண்டாம் உலகப் போர் விமானங்களில் இருந்த வகை. விமான எண்ணை ஜீப் மேல் இருக்கும் துப்பாக்கிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். எஃப்என் மேக் மெஷின் கன்னில் கேஸ் ரெகுலேட்டரை (துப்பாக்கியை இயக்கும் வாயுவின் அளவைக் கட்டுப்படுத்தும் பகுதி) வைக்கும் நிலையைப் பொறுத்து வேகம் 650 முதல் 950 வரை மாறும். உச்ச எண்ணை எடுத்துப் போடுவதுதான் வழக்கமாக நடக்கிறது; சாதாரண நிலைக்குக் கீழ்ப்பக்கத்து எண்ணே பொருத்தம்.

இந்த எண்கள் எல்லாமே டிரிகரை விடாமல் அழுத்தினால் வரும் வேகம். களத்தில் யாரும் அப்படிச் சுடுவதில்லை. அமெரிக்க ராணுவக் கையேட்டில் எம் 240பி-க்குத் (எஃப்என் மேக்கின் அமெரிக்க வடிவம்) தொடர்ந்து சுடும் வேகம் நிமிடத்துக்கு 100 ரவுண்டுதான்: 6 முதல் 9 ரவுண்டு வரை ஒரு பர்ஸ்ட் (ஒரே மூச்சில் சுடுவது), அப்புறம் 4, 5 விநாடி இடைவெளி, 10 நிமிடத்துக்கு ஒருமுறை குழல் மாற்றம். நிமிடத்துக்கு 200 என்று சுட்டால் 2 நிமிடத்துக்கு ஒருமுறை குழலை மாற்ற வேண்டும். இந்த 100-ஐ எடுத்து கான்ஃபிக்கில் சுடும் வேகமாகப் போட்டால் 0.6 விநாடிக்கு ஒரு குண்டு என்கிற மாதிரி தட்டுத் தடுமாறிச் சுடும். இது வேறொரு தவறு. அந்த எண் போக வேண்டிய இடங்கள் ஏஐ வீரனின் பர்ஸ்ட் நீளமும் குழல் சூடாகும் கணக்கும்தான். அவை இல்லாவிட்டால் 100 ரவுண்டு பெல்ட் (தோட்டாக்கள் கோத்த பட்டை) 650 வேகத்தில் ஒன்பது விநாடியில் தீர்ந்துவிடும், எதற்கும் விலை கொடுக்காமலே.

கேம் பேலன்ஸுக்காக எம்ஜி 42-ஐ 900-க்கு இறக்குவதை நான் ஏற்கவே மாட்டேன். எதிரி கண்ணில் படும் ஓரிரு விநாடிக்குள் முடிந்த அளவு குண்டு போக வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வேகம். கட்டுப்படுத்தத்தான் வேண்டும் என்றால் குழலைச் சீக்கிரம் சூடாக்குங்கள், வெடிபொருளின் எடையைக் கூட்டுங்கள். நிஜத்தில் அந்தத் துப்பாக்கியைக் கட்டிப்போட்டவையும் அவைதான்.

சோதிக்கும்போது ஒலியைப் பதிவு செய்து வெடிகளை எண்ணலாம். ஆனால் 10 வெடிக்கு நடுவே 9 இடைவெளிதான். 0.45 விநாடியில் 10 வெடி கேட்டால் அது 1,200. 10-ஆல் கணக்கிட்டால் 1,333 என்று தப்பாக வரும். வெற்றுத் தோட்டா சுடும் வீடியோவை அளவுகோலாக எடுக்காதீர்கள், அதில் வேகம் வேறாக இருக்கும். ஓசை தனி லூப்பாக ஓடும் கேம்களில் காதை நம்பவும் முடியாது. பெல்ட்டில் குறையும் ரவுண்டைத்தான் பார்க்க வேண்டும். 30, 60, 144 ஃபிரேமில் தனித்தனியாக ஒரு பெல்ட் முழுக்கச் சுட்டு நேரம் எடுங்கள். மூன்று நேரமும் ஒத்துப்போகும் வரை மாட்டை வெளியிட வேண்டாம்.