சிபில் அறிக்கையில் தெரியாத பழைய கடன்: அவசரத்தில் செய்துவிடும் தவறுகள்

போன வருடம் என் தங்கை கணவர் வீட்டுக் கடனுக்காகக் கோவையில் ஒரு வங்கிக்குப் போயிருந்தார். சம்பளச் சீட்டு, பத்திர நகல், வில்லங்கச் சான்று எல்லாம் சரியாக இருந்தன. மேனேஜர் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பி, அவருடைய சிபில் அறிக்கையில், அதாவது அவர் வாங்கிய கடன்களும் அவற்றைக் கட்டிய விதமும் பதிவாகியிருக்கும் அறிக்கையில், ஒரு வரியைக் காட்டினார். கேள்விப்பட்டே இராத ஒரு நிறுவனத்தின் பெயர், 9,412 ரூபாய் பாக்கி, பக்கத்தில் 'ரிட்டன் ஆஃப்'. கடன் தொடங்கிய வருடம் 2016. அன்று சாயங்காலமே எனக்குப் போன் வந்தது. "மச்சான், ஒன்பதாயிரம்தானே, கட்டித் தொலைச்சிடவா?"

அறிக்கையில் முன்பின் தெரியாத கடனைப் பார்த்ததும் பலருக்கும் தோன்றுவது இதுதான். பெரிய தவறும் இதுதான். அது யாருடைய கடன், யாருக்குக் கட்ட வேண்டும், எவ்வளவு கட்ட வேண்டும் என்ற மூன்றுக்கும் பதில் தெரியாமல் ஒரு ரூபாய்கூடக் கட்டக் கூடாது.

இதற்கு நேர் எதிரான இன்னொரு தவறும் உண்டு. பெயர் தெரியவில்லை என்பதாலேயே "இது என் கடன் இல்லை" என்று அடித்துச் சொல்லிவிடுவது. பெயர் தெரியாமல் போவதற்குச் சாதாரணக் காரணங்களே நிறைய. கடையில் ஃபிரிட்ஜோ செல்போனோ தவணைக்கு வாங்கும்போது நமக்குக் கடையின் பெயர்தான் மனதில் நிற்கும்; பணம் கொடுத்த ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் நிற்காது. கடன் ஆப்களும் அப்படித்தான். போனில் நாம் பார்ப்பது ஆப்பின் பெயர், அறிக்கையில் வருவதோ அதன் பின்னால் இருக்கும் நிதி நிறுவனத்தின் பெயர். அப்புறம், வங்கிகள் வராக் கடன்களைச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கு விற்றுவிடுவதும் உண்டு. நாம் ஒரு வங்கியில் வாங்கிய கடன் நாலு வருடம் கழித்து வேறொரு பெயரில் வந்து நிற்கும்.

ஜாமீன் கையெழுத்தையும் மறந்துவிட வேண்டாம். கூட வேலை பார்த்தவருக்காகப் பத்து வருடத்துக்கு முன் போட்ட கையெழுத்து உங்கள் அறிக்கையிலும் பதிவாகியிருக்கலாம். ஒவ்வொரு கணக்குக்கும் கீழே உரிமை என்ற இடத்தில் தனிநபர், கூட்டுக் கடன், ஜாமீன்தாரர் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதை முதலில் பாருங்கள்.

மேனேஜர் காட்டிய திரையோடு நின்றுவிடுவதும் தவறு. இந்தியாவில் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க். நாம் எல்லாவற்றையும் 'சிபில்' என்றே சொல்லிவிடுகிறோம், ஆனால் நான்கும் தனித்தனி. 2017 முதல் ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நான்கையும் எடுங்கள். சொந்த அறிக்கையை நாமே எடுத்துப் பார்த்தால் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண், குறையாது. பதற்றத்தில் நாலு வங்கிகளில் புதிதாக விண்ணப்பம் போட்டால்தான் ஒவ்வொரு விசாரணையும் பதிவாகி ஸ்கோரை இழுக்கும்.

'ரிட்டன் ஆஃப்' என்றால் தள்ளுபடி செய்துவிட்டார்கள் என்று நினைத்து நிம்மதியாகிவிடுபவர்களும் இருக்கிறார்கள். அது வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் செய்துகொள்ளும் ஏற்பாடு மட்டுமே. கடன் அப்படியே இருக்கிறது, வசூலும் நடக்கலாம்.

சரி, விசாரிக்கத் தொடங்கியதும் அடுத்த சிக்கல் வரும். வசூல் ஏஜென்ட்டின் போன். பேச்சு மிரட்டலாகவும் இருக்கலாம், மிகக் கனிவாகவும் இருக்கலாம். "இன்னைக்கே 5,000 போடுங்க, மீதியை நான் பாத்துக்கறேன்" என்று ஒரு போன் நம்பர் அனுப்புவார்கள். தனிநபர் யுபிஐ நம்பருக்கு ஒருபோதும் பணம் போடாதீர்கள். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காகப் போன் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எந்த நிறுவனத்தின் சார்பில் பேசுகிறார், அதற்கான அங்கீகாரக் கடிதம் எங்கே என்று கேளுங்கள். போனில் வாதாட வேண்டாம். "எழுத்தில் அனுப்புங்க" என்பது போதும்.

நீங்கள் எழுதுவதிலும் கவனம் வேண்டும். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, அடமானம் இல்லாத சாதாரணக் கடனுக்கு வழக்குப் போட 3 வருடம்தான் அவகாசம். அந்த அவகாசம் முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டாலோ, ஒரு பகுதியைக் கட்டினாலோ, அன்றிலிருந்து 3 வருடம் புதிதாக ஓடத் தொடங்கும். காலம் தாண்டிவிட்ட கடனைக்கூட "கட்டிவிடுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி அது செல்லுபடியாகும் வாக்குறுதி. மின்னஞ்சலும் எழுத்துதான். அதனால் "கொஞ்சம் டைம் கொடுங்க சார், கட்டிடறேன்" என்று பணிவுக்காகக்கூட எழுத வேண்டாம். "இந்தக் கடனை நான் ஒப்புக்கொள்ளவில்லை, கீழ்க்கண்ட விவரங்களைத் தாருங்கள்" என்று எழுதுங்கள். இன்னொன்று, 3 வருடம் தாண்டினால் வழக்கு நிற்காதே தவிர, அறிக்கையில் இருக்கும் பதிவு தானாகப் போய்விடாது.

கேட்க வேண்டிய விவரங்கள்: கடன் ஒப்பந்தத்தின் நகல், அதோடு கொடுத்த அடையாள ஆவணங்கள், முழுக் கணக்கு விவரம், கடன் கைமாறியிருந்தால் அதற்கான ஆவணம். எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: கடன் தொகை எந்த வங்கிக் கணக்குக்கு, அல்லது எந்தக் கடைக்குப் போனது? பான் கார்டு ஜெராக்ஸை வைத்து வேறு யாரோ வாங்கிய கடனாக இருந்தால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் குட்டு வெளிப்படும். அப்படித் தெரிந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் காவல் நிலையத்திலும் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கி வையுங்கள். வங்கியோடு பேசும்போது அந்த ஒரு தாளுக்கு மதிப்பு அதிகம்.

பதிவு தவறு என்றால் கடன் தகவல் நிறுவனத்தின் தளத்தில் இலவசமாகவே மறுப்புப் பதியலாம். ஆனால் சிபில் தன் இஷ்டத்துக்கு எதையும் அழிக்காது, கடன் கொடுத்த நிறுவனம் திருத்தித் தர வேண்டும். அதனால் இரண்டு பக்கமும் ஒரே நாளில் புகார் போடுங்கள், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அப்படியும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கும் கட்டணம் கிடையாது. இத்தனையும் இலவசமாக இருக்கும்போது "சிபில் கிளீன் பண்ணித் தருகிறோம்" என்பவர்களிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்து ஏமாறுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. உண்மையான பாக்கியை யாராலும் காசு வாங்கிக்கொண்டு அழிக்க முடியாது.

என் தங்கை கணவர் விஷயத்தில் கணக்கு விவரம் வந்து சேர மூன்று வாரம் ஆனது. பார்த்தால் காந்திபுரத்தில் ஒரு கடையில் தவணைக்கு வாங்கிய ஃபிரிட்ஜ். வேலை மாறியபோது பழைய சம்பளக் கணக்கைக் கவனிக்காமல் விட்டதில் கடைசி இரண்டு தவணை, 1,650 வீதம் 3,300 ரூபாய், திரும்பிப் போயிருக்கிறது. மீதி 6,112 ரூபாயும் அபராதமும் வட்டியும். கடன் இதற்குள் கைமாறிவிட்டது. அதனால்தான் அந்தப் புதுப் பெயர்.

தன் கடன்தான் என்று தெரிந்ததும் கட்டிவிட முடிவு செய்தார். இங்கேதான் கடைசித் தவறுக்கு இடம் இருந்தது. 4,000 கட்டினால் 'செட்டில்டு' என்று முடித்துவிடுவதாகச் சொன்னார்கள். பாக்கியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து முடித்த கடன் என்று அர்த்தம். அடுத்து கடன் கொடுக்கும் வங்கி அதைப் பார்த்ததும் முகம் சுளிக்கும். அவர் அபராதத்தைக் குறைக்கச் சொல்லித் திரும்பத் திரும்ப எழுதினார். கடைசியில் கணக்கை 5,200 ரூபாய் என்று திருத்தி, 'குளோஸ்டு' (கட்டி முடித்த கடன்) என்றே பதிவு செய்வதாக லெட்டர்பேடில் கடிதம் கொடுத்தார்கள். அது கைக்கு வந்த பிறகே நிறுவனத்தின் கணக்குக்கு வங்கி வழியாகப் பணம் கட்டி, இனி பாக்கி இல்லை என்ற என்ஓசி சான்றை வாங்கினார்.

ஒரு மாதத்தில் சிபிலில் அந்த வரி மாறிவிட்டது. இன்னொரு நிறுவனத்தின் அறிக்கையில் மட்டும் பழையபடி 9,412 ரூபாய் பாக்கி என்றே இருந்தது. என்ஓசி நகலை இணைத்து அங்கேயும் தனியாக ஒரு புகார் போட வேண்டியிருந்தது.